எட்டாம் லயத்தில் என் தங்கை

அந்த வெள்ளிக்கிழமை அம்மா சீக்கிரமே விளக்கேற்றிவிட்டார். பக்கத்துத் தொழுகைக்கூடமான சுராவில் பாங்கு ஒலித்த பிறகுதான் எங்கள் வீட்டில் விளக்கு ஏறும். அன்று வெயில் சன்னலில் இருக்கும்போதே ஊதுவத்திப் புகை கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

உளுந்து வடையின் வாசனை எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டு வழியாகக் கார்கள் நிற்கும் இடம்வரை இறங்கியிருக்க வேண்டும். கீழ்வீட்டு பத்மா அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார்.

“என்னா பெரியம்மா, இன்னிக்கி என்னா விசேஷம்?”

“என் மவ இன்னிக்கி டிவில பாடுறா. ஒக்காரு, போயிடாத.”

என் தங்கை அமுதா வேலையிலிருந்து நேராக வந்தாள். செனவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அவள் விரல்களிலிருந்து அந்த மாவுத் தூளின் வாசனை போகாது. சீருடையைக்கூட மாற்றவில்லை. நாற்காலி காலியாக இருந்தும் தரையில், அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

“நல்லா வந்திருக்குக்கா,” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “நீயும் பாத்தேல்ல, பாடி முடிச்சதும் சவுண்ட் பாக்குற தம்பி எந்திரிச்சு நின்னுட்டான்.”

‘எட்டாம் லயம்’ தொடரின் தொடக்க இசை வந்தது. அம்மா சத்தத்தைக் கூட்டினார்.

பசாரில் கேட்டவர்

போன வாரம் இந்தப் பத்தியில் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் அம்பாங்கான் பசாரில் என்னை நிறுத்தினார். கையில் கங்கோங் கீரைக் கட்டு. “நீங்க மங்களம் அக்காவோட கூடப் பொறந்தவங்கதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தத் தொடரில் அமுதாவின் பாத்திரம் மங்களம். உடனே கீரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினார். “ஒரு பாட்டு பாடட்டுமா!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நானும் சிரித்துவைத்தேன். அவர்மேல் கோபமில்லை. அந்தத் தொடரை ஆசையாகப் பார்த்தவர். அவருக்கு ஞாபகம் இருப்பது அதுதான். ஆனால் வீட்டுக்கு வந்து ஒரே மீனை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். சரி, இந்த வாரம் இதை எழுதிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

தகரத்தில் விழுந்த மழை

ரெம்பாவிலிருந்து உள்ளே போகும் எங்கள் தோட்டத்தில், தொடர் தொடங்கிய காலத்தில், அம்மாவும் அமுதாவும் இன்னும் சில குடும்பங்களும் மட்டும்தான் மிச்சம். ரப்பரை அழித்து, எண்ணெய்க்கான செம்பனை நட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், பாதி பூட்டிக்கிடந்தன. நான் கல்யாணமாகி அம்பாங்கானுக்கு வந்துவிட்டேன்.

பூட்டிய வீடுகளைத் தேடித்தான் படப்பிடிப்புக்காரர்கள் வந்தார்கள். தோட்டத்தைவிட்டு வெளியேறச் சொல்லப்பட்ட மக்கள் கடைசிக் காலத்தில் ஒரு பாட்டுக் குழு தொடங்குகிறார்கள். அதுதான் தொடரின் கதை. வாரம் ஒரு புதுப் பாட்டு. இயக்குநர் குணாளன் வைத்திருந்த ஒரே சட்டம், நடிப்பவர்களே அந்த இடத்திலேயே பாட வேண்டும், பிறகு குரல் சேர்க்கக் கூடாது என்பது.

அமுதா அவர்களிடம் வாய்ப்புக் கேட்டுப் போகவில்லை, சண்டை போடத்தான் போனாள். அவர்கள் விளக்குப் போடுவதற்காகக் கோயில் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். “யாருலா ப்ளக்க எடுத்தது? சாமி இருட்டுல இருக்கு!” என்று அவள் போட்ட சத்தத்தில் குணாளன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாராம். கேட்டவர் அவளைச் சும்மா விடவில்லை. அன்று தொட்டில் பாட்டுப் பாட வேண்டிய பெண் காய்ச்சலில் வரவில்லை. கேமராவைச் சரிபார்க்க யாராவது தொட்டிலருகில் உட்கார்ந்து முனக வேண்டும். அமுதா உட்கார்ந்தாள். பாட்டை ஒரு தடவை கேட்டுவிட்டு, தானாகவே பாடத் தொடங்கினாள்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்திலிருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஒலிப்பதிவு செய்தவர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, “சார், மழை. நிறுத்திக்குவோம்,” என்றாராம். குணாளன் கையமர்த்தினார். “மழையும் பாடட்டும்லா. விடு.”

அந்தப் பாட்டுதான் முதல் வாரமே ஒளிபரப்பானது. காய்ச்சலில் படுத்த பெண்ணுக்குப் பதிலாக அமுதா மங்களம் ஆனாள். பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாகப் பிழைக்கும், ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டும் மங்களம்.

நானும் போயிருந்தேன், தோட்டத்தில் டிவி ஓடுகிற ஒரே வீட்டில் எல்லாரும் கூடிப் பார்த்தோம். செருப்புகள் வாசலில் குவிந்துகிடந்தன. மழைக்குள்ளிருந்து அவள் குரல் எழுந்து வந்தபோது ஒருவரும் அசையவில்லை. பாட்டு முடிந்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “காபி போடவா?” என்று கேட்டார்.

கெமாஸில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சமையல்கட்டிலிருந்த பெண்கள் கரண்டியும் கையுமாக ஓடிவந்து அமுதாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பாட்டி அவள் தொண்டையில் விபூதி பூசினார். முதல் இரண்டு பருவமும் அப்படித்தான் போயின.

அம்மாவின் காது

இங்கே அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பாட வராது. தாலாட்டுக்கூட அப்பாதான் பாடுவார். ஆனால் அம்மாவுக்குக் காது உண்டு. விடியுமுன் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குப் போய், ஆள் கணக்கு முடிந்து, ஆளுக்கொரு நிரையாக ரப்பர் மரங்களுக்குள் பிரிந்துபோகிறவர்கள் பயத்துக்கு ஏதாவது முனகிக்கொண்டே வெட்டுவார்களாம். இருட்டில் முகம் தெரியாது. எந்த நிரையில் யார் என்று அம்மா முனகலைக் கேட்டே சொல்லிவிடுவார் என்று அவர் சிநேகிதிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அமுதா எந்த அறையில் பாடினாலும் அம்மா கைவேலையை நிறுத்திவிடுவார். பாராட்டமாட்டார். நிறுத்துவதுதான் பாராட்டு.

மழைக்கு ஸ்விட்ச்

நமக்குப் பிடித்த ஒன்று ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. அப்படிக் கெட்டால் பரவாயில்லை, தலைமுழுகிவிட்டுப் போகலாம். ஒரு வாரம் மோசமாக இருக்கும். மறுவாரம் ஒரு நல்ல காட்சி வந்துவிடும். “பாத்தியா, பழையபடி வந்துருச்சு,” என்று நிமிர்ந்து உட்காருவோம். அந்த நம்பிக்கையிலேயே வருஷங்கள் ஓடிவிடும்.

மூன்றாம் பருவத்தில் குணாளன் இல்லை. சொந்தக் காரணங்களால் விலகிக்கொண்டார் என்று செய்தி வந்தது. அமுதா போன் போட்டபோது அவர் சொன்னது ஒரே வார்த்தை: “முடியலலா.”

படப்பிடிப்பு கோலாலம்பூரில் ஓர் அரங்குக்குப் போனது. அங்கே மரப்பலகையில் லயம் கட்டினார்கள். சுவரில் கரி இல்லை, கரையான் இல்லை. உள்ளே குளிர்சாதனம் ஓடியதால் பனியனோடு நடித்தவர்களின் கையில் மயிர் சிலிர்த்துநின்றது டிவியிலேயே தெரிந்தது. மழைக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது. பாட்டு வந்ததும் மழையை அணைத்துவிடுவார்கள்.

பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒரு வாரம் திடீரென்று காணாமல் போனார். “மாமா சிங்கப்பூர் போயிட்டாரு,” என்று யாரோ ஒரு வரி சொன்னார்கள், அவ்வளவுதான். அடுத்து மேளக்காரர் போனார். கதாநாயகன் கம்பெனி முதலாளியானான். அவனுக்கு ஓர் இரட்டைத் தம்பி வந்தான். பூட்டிய வீட்டில் ஒரு பேய் வந்தது. வாரம் ஒரு பாட்டு என்பது மாதம் ஒரு பாட்டு என்றாகி, அதுவும் பாதிப் பாட்டாகி, கடைசியில் கலர் விளக்கில் பத்துப் பெண்கள் ஆடும் ஆட்டமாகிவிட்டது. கதை நடுவில் மசாலைத்தூள் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் முதலில் எழுந்துபோனார். பிறகு பிள்ளைகள் போனார்கள். அதற்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், அம்மாவும் அமுதாவும் எங்களோடு வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கூடத்தில் மிஞ்சியது நாங்கள் மூன்று பெண்கள்.

காதைப் பொத்திக்கொண்டவர்கள்

மங்களத்தை என்ன செய்வதென்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவளுடைய பிள்ளை வளர்ந்துவிட்டான், தொட்டிலும் போய்விட்டது. அவளைச் சிரிப்புக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஏதாவது சோகமான நேரத்தில் மங்களம் நடுவில் வந்து நின்று, “ஒரு பாட்டு பாடட்டுமா?” என்பாள். எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அவள் சுருதி தப்பி, கழுதைக் குரலில் இழுப்பாள். பின்னால் கூட்டம் சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்துவிடுவார்கள்.

ஊருக்கெல்லாம் அது பிடித்துப்போனது. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் காதைப் பொத்தினார்கள்.

“ஏன்டி ஒத்துக்கிட்ட?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நடிப்புதானேக்கா. என்னையத்தான் இன்னும் வெச்சிருக்காங்க. மத்தவங்கள எல்லாம் அனுப்பிட்டாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “நல்லா பாடுறது ஈஸிக்கா. கெட்டதா பாடத்தான் ப்ராக்டிஸ் வேணும்.”

அவள் நிஜமாகவே பயிற்சி செய்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நல்ல சுரத்தைப் பிடித்து, அதை வேண்டுமென்றே கீழே தள்ளுவாள். மறுபடி பிடிப்பாள், மறுபடி தள்ளுவாள். முதல் தடவை அதைக் கேட்ட அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் தட்டினார். “தொண்டையில என்னாடி? டாக்டர்கிட்ட போவோமா?”

தோட்டம் காலியானாலும் கோயில் மட்டும் நின்றது. திருவிழாவுக்கு மட்டும் பழைய ஆட்கள் எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்து கூடுவோம். அம்மன் புறப்படும்போது அமுதாதான் பாட வேண்டும், அது பதினாறு வயதிலிருந்து அவள் வேலை. அந்த வருஷம் மைக்கைப் பிடித்திருந்தவர், “இப்ப நம்ம மங்களம் அக்கா பாடப்போறாங்க!” என்று அறிவித்தார். கூட்டம் முழுக்கச் சிரித்துக்கொண்டே காதைப் பொத்தியது. வெறுப்பில் இல்லை, ஆசையில்தான். நம் பிள்ளை, டிவியில் வருகிற பிள்ளை என்ற ஆசை.

அமுதா மைக்கோடு நின்றாள். சிரிப்பு அடங்கும் என்று காத்திருந்தாள், அடங்கவில்லை. அதன் மேலேயே பாடத் தொடங்கினாள். முன்வரிசையில் சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் எப்போது சுருதி தப்பும் என்று காத்திருந்த முகத்தோடு நின்றார்கள். தப்பவில்லை. பாட்டு முடிந்தது.

“சூப்பர்க்கா! இப்ப டிவில பாடுற மாரி ஒண்ணு!” என்றார் மைக்காரர்.

அதையும் பாடினாள். அப்போதுதான் கைதட்டல் காதைப் பிளந்தது.

வேனில் திரும்பும்போது அவள் செம்பனைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ரெம்பாவ் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “சாமிக்குப் பாடும்போது சிரிச்சாங்கக்கா.”

அதற்கப்புறம் அவள் கோயிலில் பாடவில்லை.

அவள் வாய், யார் குரல்

இந்த நிலையில்தான் அந்தத் தகவல் வந்தது. தொடரைப் புதிதாக எடுத்து நடத்திய பெண்மணி அமுதாவைக் கூப்பிட்டு, “இந்த சீசன்ல மங்களத்துக்கு உண்மையிலேயே பாட வரும்னு காட்டப்போறோம்கா. எல்லாரும் அழுவாங்க பாருங்க,” என்றாராம்.

அமுதா ஐஸ் தண்ணியை விட்டாள். காலையில் இஞ்சியும் பனங்கற்கண்டும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தாள். குளியலறையில் சுரங்கள் கீழே விழுவது நின்றது. நல்ல குரலில் அவள் சாதகம் செய்வதைக் கேட்டு அம்மா மாவுக் கையோடு அப்படியே நிற்பார்.

ஒலிப்பதிவுக்கு நானும் கூடப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கைவிட்டுப்போன பிள்ளையை நினைத்து ஒரு தாய் பாடுகிற பாட்டு. அவள் குரலில் வயதின் சொரசொரப்பு ஏறியிருந்தது. மேலே போகும்போது லேசாகக் கிழிந்தது. அந்தக் கிழிசலில்தான் பாட்டே இருந்தது. எனக்கு இசை தெரியாது, ஆனால் அங்கே சவுண்ட் பார்த்த தம்பி எழுந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பாட்டு வரவேண்டிய வெள்ளிக்கிழமைதான் அம்மா வடை சுட்டது.

திரையில் மங்களம் நடு வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல எல்லாரும் காதைப் பொத்தினார்கள். அவள் கண்ணை மூடினாள், வாயைத் திறந்தாள்.

இருபது வயதுப் பெண்ணின் குரல் வந்தது.

இனிமையான குரல்தான். வழுவழுவென்று, எந்த இடத்திலும் மூச்சுகூடத் தெரியாமல், கண்ணாடிமேல் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. அமுதாவின் நரைத்த முன்முடிக்குக் கீழே, அவள் வாயிலிருந்து, அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது.

“அய்யோ அமுதா! எவ்ளோ நல்லா பாடுறலா!” என்று பத்மா கைதட்டினார். அவருக்குத் தெரியாது.

அம்மா குனிந்து கேட்டார். “இது யாருடி பாடுறது?”

“நாந்தாம்மா.”

“உன் குரல எனக்குத் தெரியாதா?”

“மெஷின்ல போட்டுக் கொஞ்சம் மாத்துவாங்கம்மா. இப்பல்லாம் அப்படித்தான்.”

அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். திரையில் அமுதாவின் வாய் மட்டும் திறந்து மூடியது. கூடத்தில் மின்விசிறிச் சத்தம்.

“இப்ப நீ பாடு,” என்றார் அம்மா.

அமுதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஒருதரம் பிரிந்தது. பிறகு எழுந்து, “தொண்ட கட்டியிருக்கும்மா,” என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே பாத்திரம் எதுவும் இல்லை.

பத்மா இரண்டு வடையைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப்போனார்.

சொன்ன காரணம்

மறுநாள் அந்தப் பெண்மணிக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. அந்தப் பெண் கெட்டவராகத் தெரியவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

“நீங்க பாடுனத முதல்ல போட்டுப் பாத்தோம்கா. ஆனா உங்க குரல் வந்த உடனே பாக்குறவங்க சிரிச்சுட்டாங்க. அவங்களுக்குப் பழகிருச்சு. சோகமான சீன் கெட்டுப்போயிரும்னுதான் வேற பொண்ண பாட வெச்சோம்... தப்பா எடுத்துக்காதீங்க.”

“சரிங்க மேடம்,” என்றாள் அமுதா. போனை மடியில் வைத்தாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். “அவங்க சொல்றது உண்மைதானேக்கா,” என்றாள்.

அடுத்த படப்பிடிப்புக்கு அவள் போகவில்லை. மங்களம் ஆஸ்திரேலியாவில் மகனோடு இருக்கிறாள் என்று தொடரில் யாரோ ஒரு வரி சொன்னார்கள். தொடர் அவள் இல்லாமல் ஓடியது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை டிவி போடுவது நின்றது.

அம்மா அடுத்த வருஷம் போய்விட்டார். பக்கவாதம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் சில நாள், பிறகு வீட்டில் சில நாள். வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டதால் அவர் சொல்வது எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை. அமுதா தலைமாட்டிலேயே இருந்து தலைவாரி, கஞ்சி ஊட்டி, எல்லாம் செய்தாள். பாடவில்லை. எடுத்துப்போகும் நேரத்தில் கோயிலிலிருந்து வந்தவர், “பதிகம் ஒண்ணு பாடும்மா, உன் அம்மாவுக்கு,” என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் தன் போனில் இருந்ததைப் போட்டுவிட்டார்.

கடைசி அழைப்பு

சில மாதங்களுக்கு முன்பு குணாளன் வீட்டுக்கே வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. தொடரை நிறுத்துகிறார்கள், கடைசிப் பகுதியை அவரையே இயக்கச் சொல்லியிருக்கிறார்கள். கோயில் திடலில், பழைய ஆட்களோடு, பழையபடி.

“நீ வரணும்லா அமுதா. அங்கேயே பாடுற, அங்கேயே ரெக்கார்டிங். உன் குரல்தான். நான் எழுதிக் குடுக்குறேன் வேணும்னா.”

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அவள் முகத்தையே பார்த்தேன்.

“நீங்க சொன்னா நம்புறேன் சார்,” என்றாள். “ஆனா நான் வரல.”

“ஏன்?”

அமுதா தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். “அம்மா போனதுக்கப்புறம் ஒருநாள் யாரும் இல்லாதப்ப பாடிப் பாத்தேன் சார். நல்ல எடத்துல ஆரம்பிச்சாலும் அந்தக் கெட்ட பாட்டுக்குத்தான் போவுது. நானா தள்ளல. அதுவாப் போவுது. எத்தன வருஷம் பழக்குனது.”

குணாளன் தேநீரைக் குடிக்கவில்லை. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அன்னிக்கி நான் விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கடைசிப் பகுதி வந்த வெள்ளிக்கிழமை அமுதா கூடுதல் நேர வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நான் தனியாகப் பார்த்தேன். குணாளனால் முடிந்ததைச் செய்திருந்தார். நிஜமான மண், நிஜமான வெயில். ஆனால் பழையவர்களில் பாதிப் பேர் இல்லை, இருந்தவர்களுக்கும் மூச்சு எட்டவில்லை. கடைசிப் பாட்டின் பாதியிலேயே பெயர்கள் ஓடத் தொடங்கின. பாட்டு முடியுமுன் விளம்பரம் வந்துவிட்டது.

அமுதா வேலை முடிந்து வந்தாள். குளித்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டு எனக்கெதிரே உட்கார்ந்தாள். அன்று தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் நின்றுபோனதைப் பற்றிச் சொன்னாள், குழம்பில் உப்புக் குறைவு என்றாள். தொடர் எப்படி முடிந்தது என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

இதுவரை கேட்கவில்லை.